தனி அடுப்பு

பூவாத்தாளக்கா எங்கள் ஊரில் பிறந்தவர். இதை ஒரு தகவலாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. போன வருடம் முழுக்க எல்லாத் தாள்களிலும் அவரைப் ‘புதிதாகக் குடிவந்தவர்’ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

என் பெயர் நர்மதா. நாச்சிமேட்டில் பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கரண்ட் போனால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பேட்டரி, இவ்வளவுதான் கடை. எருத்தேன்பதியிலிருந்து கிழக்கே வந்தால் எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஆடு மேய்க்கிறவர்கள் ஒரு நாளில் நாலு முறை மாநிலம் மாறுவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாலத்தைத் தாண்டித்தான். அதனால் எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் ரேஷன் கார்டு இரண்டு இருக்கும், இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. குடை இரண்டு வைத்திருப்பது போலத்தான் அதையும் வைத்திருக்கிறார்கள். நானும் கண்டும் காணாமல் இருந்துவிடுவேன்.

பூவாத்தாளக்காவைப் பத்தொன்பது வயதில் பாலத்தைத் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் வேலை. இவரும் அங்கேயே போய் உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்தார், காய வைத்தார், பருப்பைத் தோண்டி எடுத்தார். இரண்டு காயைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் போதும், உள்ளே இருப்பது முற்றியதா, இளசா, அழுகலா என்று சொல்லிவிடுவார். களத்துக்காரர் விலை பேச உட்காரும்போது இவரை ஒரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுவாராம்.

சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெண்கள் மடியில் நாலு துண்டு பருப்பைச் சொருகிக்கொண்டு போவது வழக்கம். குழம்புக்கு ஆகும். களத்துக்காரருக்கும் தெரியும், கேட்க மாட்டார். பூவாத்தாளக்கா மட்டும் எடுக்க மாட்டார். ஏன் என்று நான் ஒரு முறை கேட்டேன்.

“மடியில சொருவிட்டு நடந்தா வழி முச்சூடும் இடுப்புல குத்துது அம்முணி. அப்பறம் குழம்பு எங்க ருசிக்கறது?” என்றார்.

இதைப் பெரிய நேர்மைக் கதையாக அவர் சொல்லவில்லை. குத்துகிறது, அதனால் எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் குணத்தை வைத்துத்தான் அவரைப் பிற்பாடு ஆட்டி வைத்தார்கள்.

பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் களத்திலேயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரருடைய அண்ணன் மகன்கள் கொஞ்ச நாள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். பிறகு ஒரு நாள், “சித்தி, ஊட்டுக்கு வெள்ளையடிக்கோணும், ஒரு மாசம் உங்க தம்பியூட்டுல இருந்துட்டு வாங்க” என்றார்கள். வெள்ளையடித்தார்கள். ஒரு மாதம் கழித்து இவர் போய்ப் பார்த்தபோது உள்ளே வாடகைக்கு ஆள் இருந்தார்கள். சண்டை போட இவருக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் அடிச்சிருக்கறாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாராம்.

தை மாதம் தம்பி செங்கோட்டையன் டெம்போ எடுத்துக்கொண்டு போய் அக்காவின் இரும்புப் பெட்டியையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றிக்கொண்டு வந்தார். செங்கோட்டையனுக்கு நாலு ஏக்கர். தென்னை, தக்காளி, ஒரு கிணறு. வாய்க்கு முன்னால் கை போகிற ஆள், ஆனால் அக்கா என்றால் உயிர். வருகிற வழியில் டீக்கடை, சொசைட்டி, கோயில் எல்லா இடத்திலும் வண்டியை நிறுத்தி, “எங்கக்கா வந்துட்டாங்க, இனி இங்கதான்” என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கூடப் பிறந்தவள் திரும்பி வந்துவிட்டால் பொறந்தவன் வீட்டு அடுப்பில்தான் அவளுக்கும் சோறு. அவள் தனியாக அடுப்பு மூட்டினால், அவன் அவளைத் தள்ளி வைத்துவிட்டான் என்று அர்த்தம். ஊர் காறித் துப்பும். செங்கோட்டையனின் அப்பா சாகும்போது மகனைக் கூப்பிட்டு, “அவளைப் பொறத்தியாளாப் பாத்துராதே” என்று சொல்லிவிட்டுப் போனவர். அதனால் அந்த வீட்டில் பூவாத்தாளக்கா தட்டில் கை வைக்காமல் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள். தம்பி மனைவி மயிலாத்தாளும் அப்படித்தான். நல்ல பெண்.

மாசி மாதம் ஒரு நாள் அக்கா என் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பக்கத்து ரேஷன் கார்டு.

“இதை என்ன பண்றது அம்முணி? நாந்தான் இங்க வந்துட்டனே.”

வேறு யாராக இருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். “வெச்சிருங்க, கெடக்கட்டும்” என்றிருப்பேன். கேட்டது மடியில் பருப்பு குத்துகிற மனுசி. நானும் ஊருக்கே நியாயம் சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, “அங்க பேரை நீக்கிட்டு இங்க சேர்த்துக்கலாங்க்கா, அதுதான் முறை” என்றேன். அடுத்த வாரமே போய்ப் பெயரை நீக்கிவிட்டு, நீக்கிய சான்றிதழோடு வந்து நின்றார். அந்தக் கார்டோடு சேர்ந்து அந்தப் பக்கத்து மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.

பங்குனியில் மறுபடி வந்தார். கடையில் ஆள் இருந்தது. எல்லோரும் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஏனம்முணி, எல்லாத்துக்கும் ஒரு ஃபாரம் வெச்சிருக்கறயே, கட்டிக்கு எந்த ஃபாரம்?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தார். சின்ன நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது.

“தேங்காயா இருந்தா தட்டிப் பாத்துச் சொல்லிப்போடுவேன். இதை எப்படித் தட்டறது?”

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சித்திரை பிறந்து நாலாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் டாக்டரம்மா பயமுறுத்தவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருக்கிறீர்கள், கட்டியை மட்டும் எடுத்தால் போதும், பிறகு கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டும், கொஞ்ச மாதம் ஊசி போட வேண்டும் என்றார். ஒரு மாதத்துக்குள் காப்பீட்டு அட்டையோடு வாருங்கள், எல்லாம் அதிலேயே நடந்துவிடும் என்றார். அட்டை இல்லை என்றால் என்ன ஆகும் என்று கூட வந்திருந்த செங்கோட்டையன் கேட்டார். ஆகும் செலவை அவர் சொன்னார்.

செங்கோட்டையன் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டார். கிழக்குத் தோட்டத்தை விற்றுவிடலாம்.

“அந்தத் தோட்டத்துக் கெணறு அப்பன் தன் கையில வெட்டுனது” என்றார் அக்கா. “அதை வித்துப்போட்டு நான் பொழைக்கோணும்னா ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்க மாட்டேன். அந்த அட்டைதான் இருக்குதில்ல? அதை வாங்கு அம்முணி.”

சொன்னால் சொன்னதுதான். ஆக, அட்டை கிடைத்தால் வைத்தியம், இல்லையென்றால் இல்லை. இதில் நடுவழி எதுவும் இருக்கவில்லை.

தம்பியின் ரேஷன் கார்டிலேயே அக்காவையும் சேர்த்துவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நாலு ஏக்கர்க்காரரின் கார்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாதாம். அக்காவிடம் ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் தம்பி வீட்டில் இருக்கிற பாவத்துக்கு அவரும் நிலக்காரி ஆகிவிடுவார். அவர் பேருக்குத் தனிக் கார்டு வாங்கினால்தான் காப்பீடு. தனிக் கார்டுக்குத் தனிக் குடித்தனம். தனிக் குடித்தனத்துக்குத் தனி வீட்டு நம்பர்.

ரேஷன் கார்டு ஆபீசில் இருந்த ஆள் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, அந்தப் பக்கத்துச் சான்றிதழை விரல் நுனியால் தள்ளினார். “இது தமிழல்லே? மலையாளத்தில் வேணம். சீலும் வேணம்.” ஒரு நிமிடம் முன்னால்தான் அவர் டீ வாங்கப் போன ஆளிடம், “சக்கரை கம்மியாப் போடச் சொல்லு” என்று நல்ல தமிழில் சொல்லி அனுப்பினார். ஊரே தமிழ் பேசுகிறது, ஆபீஸ் வாசல் பலகையில் தமிழ் இருக்கிறது, உள்ளே டீ தமிழில் வருகிறது. ஒரு சான்றிதழ் மட்டும் தமிழில் இருந்தால் கண் தெரியவில்லை. நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன், செல்லாது என்றார்கள். செல்லக்கூடிய ஆளைப் பிடித்து, அவர் லீவு முடிந்து வந்து சீல் குத்திக் கொடுக்க மூன்று வாரம்.

அப்புறம் அந்த ஆள் அக்காவிடம் கேட்டார்: “கேரளத்தில் எப்போ வந்நு?”

“பொறந்தப்பவே வந்துட்டனுங்க” என்றார் அக்கா.

அதற்குக் கட்டம் இல்லை. ‘ஜனவரி’ என்று எழுதிக்கொண்டார்.

வீட்டு நம்பருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. செங்கோட்டையன் வீட்டை ஒட்டி, கடலைக்காய் மூட்டை போட்டு வைக்கிற ஓர் அறை இருந்தது. அதற்குத் தனி வாசல். மூட்டைகளை வெளியே எடுத்து, அறையைக் கழுவி, நம்பர் வாங்கினோம். டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது. அக்கா குளிக்கும்போது தினமும் தொட்டுப் பார்ப்பார் போலிருக்கிறது. ஒரு நாள் கடை வாசலில் நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து அளவு காட்டினார். நெல்லிக்காய் எலுமிச்சை ஆகியிருந்தது. நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆனி மாதம் நேரில் பார்க்க ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. தனி அடுப்பு இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். நான் போய் அந்த அறையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு போட்டேன். இரண்டு பானை, ஒரு கரண்டி, கொஞ்சம் விறகு. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“எரிக்காத அடுப்பைக் காட்டறது பொய்யில்லையா?”

“அப்ப எரிங்க.”

எரித்தார். முதல் நாள் சாயங்காலம் அந்த அடுப்பில் கஞ்சி காய்ச்சி அதைத்தான் குடித்தார். புகை கடலைக்காய் அறையிலிருந்து வருவதைப் பார்த்து மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் திட்டம் அவருக்கும் தெரியும், தெரிந்தும் அழுகை வந்தது. செங்கோட்டையனுக்கு மட்டும் அடுப்பு விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பார். ஆள் வருகிற நாளில் அவர் தக்காளிக் கூடைகளோடு வேலந்தாவளம் மார்க்கெட்டில் இருப்பார், திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டோம். அவரிடம் சொல்லாமல் விட்டது எங்கள் முட்டாள்தனம்.

வந்தவர் பெயர் சுதீப். சின்ன வயதுதான். தணிந்த பேச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தார், அடுப்பைப் பார்த்தார், கரியைத் தொட்டுப் பார்த்தார். “சேச்சி இவிட தனியா தாமசம், அல்லே?” என்று, அக்கா தனியாகத்தான் குடியிருக்கிறாரா என்பதைக் கேட்டுப் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் வாசலில் டெம்போ வந்து நின்றது. அன்றைக்கென்று தக்காளி சீக்கிரம் விற்றுத் தொலைந்திருந்தது.

செங்கோட்டையன் துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறார், அக்காவைப் பற்றி விசாரிக்கிறார் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. சுதீப் அவரிடமே கேட்டுவிட்டார், அக்கா தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாரா என்று.

“என்னங்க சார் இப்படிக் கேட்டுப்போட்டீங்க?” செங்கோட்டையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கக்கா எதுக்குங்க தனியாப் பொங்கித் திங்கோணும்? நானென்ன செத்தா போயிட்டேன்? இந்த ஊட்டுல ஒரே அடுப்புதானுங்க. எங்கக்கா கை வெக்காம எங்க ஊட்டுல ஒருத்தரும் சோறு உங்கறதில்லை. வேணும்னா ஊருக்குள்ள யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

நான் கண்ணைக் காட்டினேன். இருமினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுதீப்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் பெரிய அடுப்பைக் காட்டினார், அக்காவின் தட்டைக் காட்டினார், அக்கா படுக்கிற கட்டிலைக் காட்டினார். மயிலாத்தாளிடம் மோர் வாங்கிக் கொடுத்தார். சுதீப் மோரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் விஷயத்தைச் சொன்னபோது செங்கோட்டையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆடி மாதம் பதில் வந்தது. விண்ணப்பதாரர் சகோதரனின் குடும்பத்தில் உட்பட்டவர், தனிக் குடித்தனம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் சுதீப்பைப் பிடித்தேன். தொண்டை வற்றும்வரை கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. “சேச்சி, ஞான் கண்டதுதானே எழுத முடியும்?” என்றார். உண்மைதான். அவர் கெட்டவரும் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அக்காவைத் தெருவில் விட்டிருந்தால் அட்டை உண்டு, வீட்டில் வைத்துச் சோறு போட்டால் அட்டை இல்லை என்று ஒரு சட்டம் பண்ணி, அதை ஒரு நல்ல பையன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பாசம் இருக்கிற வீடு என்று அவர் எழுதிய அறிக்கையே போதும், அதுதான் தண்டனைக்குக் காரணம்.

வழி ஒன்று அவரே சொன்னார். மறுபடி விண்ணப்பம் போட வேண்டும். கூடவே தம்பி ஒரு சத்தியவாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நான் அதை மலையாளத்தில் டைப் செய்தேன். செங்கோட்டையனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழில் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. இந்த வேலை செய்ய ஆரம்பித்துப் பதினாறு வருடமாகிறது, ஒரு தாளை வாசிக்க எனக்கு நாக்கு கூசியது அன்றைக்கு மட்டும்தான்.

“பூவாத்தாள் என்பவர் என் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் என் வீட்டில் உணவு உண்பதில்லை. அவருக்கு உணவோ பராமரிப்போ நான் கொடுப்பதில்லை. இது சத்தியம்.”

செங்கோட்டையன் தாளைத் தொடவில்லை. “இதைத் தவிர வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க அம்முணி, கண்ணை மூடிட்டுப் போடறேன். இதை நான் போட மாட்டேன். எங்கப்பன் மேல கேட்டுட்டிருப்பாரு.”

பதினோரு நாள் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். முதல் நாலு நாள் எனக்கு அவர் மேல் பரிதாபம். அப்புறம் கோபம் வந்துவிட்டது. உங்கள் ரோசத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறீர்கள், கட்டிக்கு ரோசம் தெரியுமா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். மயிலாத்தாள் கெஞ்சிப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் பூவாத்தாளக்காவே தாளை எடுத்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

“செங்கோட்டையா, நல்லாக் கேட்டுக்க. நான் செத்துப்போனா அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கோணும். அதுலயும் நீதான் கையெழுத்துப் போடோணும். ரெண்டு தாள்ல எது உனக்குச் சௌரியம்னு சொல்லிப்போடு.”

அவர் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. போட்டு முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அந்தப் பொய் தாள் ஒரே மாதத்தில் எல்லா மேஜைகளையும் தாண்டிப் போனது. புரட்டாசியில் கார்டு வந்தது, பின்னாலேயே காப்பீட்டு அட்டையும் வந்தது. உண்மையைச் சொன்ன தாளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும் கிடைக்காதது, பொய்யைச் சொன்ன தாளுக்கு நாலே வாரத்தில் கிடைத்தது.

டாக்டரம்மா பழைய பரிசோதனைத் தாளின் தேதியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?” என்று கேட்டார். ஆபீசில் இருந்தோம் என்றேன். அப்போதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இனி முடியாது என்றார். இடது மார்பு முழுவதையும் எடுத்தார்கள். அக்குள்வரை வெட்டிச் சுரண்டி எடுத்தார்கள்.

யார் மேல் குற்றம் சொல்வது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தமிழில் டீ குடித்த ஆளா? லீவில் போய்ச் சீல் குத்த வராத ஆளா? சுதீப்பா? அவர்கள் ஃபைலை எடுத்துப் பாருங்கள், ஒரு பிசகு கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். முறைப்படி ஒரு மனுசியின் மார்பு போய்விட்டது. அந்த முறையை முதலில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். இரண்டு கார்டு வைத்திருக்கிற ஒருத்தருக்கும் எங்கள் ஊரில் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பூவாத்தாளக்கா தம்பி வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கடலைக்காய் அறைக்குள் போய்ப் பாயை விரித்தார். மயிலாத்தாள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டார். “சத்தியம்னு எழுதிக் குடுத்தாச்சு. இனி அது பொய்யா இருக்கக் கூடாது” என்றார். ஒரு கையால் அரிசி களைந்து அந்த மூன்று செங்கல் அடுப்பில் தானே பொங்கினார். மயிலாத்தாள் அழுதார், நான் திட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. மடியில் குத்துவதை அந்த மனுசி ஒரு நாளும் சுமந்ததில்லை. செங்கோட்டையன் ஒரு வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கவும் இல்லை.

மார்கழியில், கார்டை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சுதீப் வந்தார். வழி தெரியும் என்றாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒருவேளை நான் கத்தினால் தெருவில் கத்தாமல் வீட்டிலேயே கத்தட்டும் என்று நினைத்திருப்பார்.

அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செங்கோட்டையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மயிலாத்தாள். இருவரும் தங்கள் வீட்டுத் தட்டுகளைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தடவை இந்த மனிதர் வாயைத் திறந்து பட்டது போதாதா?

சுதீப் வாசலிலேயே நின்றுவிட்டார். பேனா கையில் இருந்தது. “அப்போ... நிங்கள் எல்லாரும் ஒண்ணிச்சா ஊணு?” என்று கேட்டார்.

செங்கோட்டையன் எழுந்திருக்கவில்லை. மோர் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. பிசைந்த சோற்றை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கக்கா எங்கூட்டுல சோறு உங்கறதில்லைன்னு எழுதிக் கேட்டீங்க, எழுதிக் குடுத்தேன். இப்ப உங்கறதில்லை. அந்தப் பெரிய அடுப்பைப் போய்த் தொட்டுப் பாருங்க, மூணு வாரமாச் சில்லுனு கெடக்குது. நாங்கதானுங்க இப்ப எங்கக்கா ஊட்டுல சோறு உங்கறோம். அது தப்புன்னா அதுக்கொரு ஃபாரம் கொண்டாங்க, அதுலயும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

சுதீப் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அதற்குக் கட்டம் இல்லை. ‘தனி அடுப்பு உண்டு’ என்று மட்டும் எழுதி மூடினார்.

பூவாத்தாளக்காவால் இடது கையை இன்னும் தோளுக்கு மேல் தூக்க முடியாது. வலது கையால் பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கரண்டியை எடுத்துத் தரும்படி மயிலாத்தாளுக்குக் கண்ணைக் காட்டினார். பிறகு பானையைக் கீழே வைத்துவிட்டு, தம்பி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.